ஒரே பாறை, மூன்று இனங்கள், நூறு பெயர்கள்

கடல்நத்தைகளை வகைப்படுத்தும் வேலைக்கு நான் வந்த புதிதில், வட அட்லாண்டிக் கரைப்பாறைகளில் சேகரித்து எத்தனாலில் இட்டு வைத்திருந்த லிட்டோரினா நத்தைகளை ஒரு தட்டில் பரப்பி, ஓட்டைப் பார்த்துப் பிரிக்கச் சொன்னார்கள். ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து மூன்று குவியலாகப் பிரித்தேன். முதல் குவியலில் பருத்த, தடித்த, வாய் குறுகிய ஓடுகள்; இரண்டாவதில் அவற்றில் பாதியளவே உள்ள, மெல்லிய, வாய் அகன்ற ஓடுகள்; மூன்றாவதில் இரண்டோடும் சேராத, மேடும் பள்ளமுமாக வரியோடிய ஓடுகள். மூன்று குவியல், எனவே மூன்று இனம் என்று ஐயமின்றி எழுதி வைத்தேன்.

மறுநாள் பெண் நத்தைகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியின் கீழ் திறந்து பார்த்தபோதுதான் அந்த உறுதி கலைந்தது. முதல் குவியலைச் சேர்ந்த ஒரு பெண்ணின் உடலுக்குள், மணல்துகள் அளவே உள்ள குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரு பைக்குள் நெருங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் அதற்குள்ளாகவே தன் ஓட்டை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. இரண்டாவது குவியலின் பெண்களிடமும் அதே குஞ்சுப்பை இருந்தது. மூன்றாவது குவியலிலோ சிலவற்றில் குஞ்சுப்பை இருந்தது. வேறு சிலவற்றில் அதே இடத்தில், முட்டைகளைக் கூழ்போல் பொதிந்து பாறையில் ஒட்டுவதற்கான சுரப்பி இருந்தது. இரண்டாக நான் எண்ணியவை ஒன்றாகவும், ஒன்றாக எண்ணியவை இரண்டாகவும் ஆகிவிட்டன. அன்று தொடங்கி, ஓட்டைப் பார்த்து முடிவெழுதுவதற்கு முன் இந்த நத்தை எப்படிப் பிறந்தது என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது. டி.என்.ஏ. வரிசைகளைப் படிக்கும்போதும் அதே கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டும் என்பது இத்தனை நாள் வேலையில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. இந்தப் பதிவும் அதைப் பற்றியதே.

குஞ்சுப்பை உள்ள நத்தையின் பெயர் லிட்டோரினா சாக்சாட்டிலிஸ். 1792-இல் ஜூசெப்பே ஒலிவி என்ற இத்தாலிய இயற்கையியலாளர் அட்ரியாட்டிக் கடலோர உயிர்களை விவரித்தபோது இதற்கு அப்பெயரை இட்டார். அதன் பிறகு இதே நத்தை புதிய இனமாகவோ துணையினமாகவோ நூறு தடவைக்கு மேல் விவரிக்கப்பட்டுள்ளது. காயலில் வாழும் மெல்லோட்டு வடிவத்துக்கு ஒரு பெயர், பாறையில் ஒட்டி வாழும் பார்னக்கிள்களின் வெற்றுக் கூடுகளுக்குள் சில மில்லிமீட்டர் அளவிலேயே பருவமடையும் குட்டை வடிவத்துக்கு இன்னொரு பெயர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அந்தப் பெயர்களைச் சூட்டியவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் கண்ட வேறுபாடுகள் அனைத்தும் உண்மையிலேயே ஓட்டில் இருந்தன. அந்த வேறுபாடுகள் எதனால் வந்தன என்பதைச் சொல்லத்தான் அவர்கள் கையில் கருவி இல்லை.

ஓடு மாறுவதற்குக் குறைந்தது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரே பிறவிக்குள் நிகழ்வது. பசிபிக் கரையின் நுசெல்லா லாமெல்லோசா என்ற நத்தைகளை, அவற்றின் இனத்தையே தின்ற நண்டுகள் இருந்த நீரின் வாடையில் வளர்த்து, 1988-இல் ஆப்பிள்டன், பாமர் என்னும் இருவர் முடிவை வெளியிட்டனர். நண்டு அந்த நத்தைகளை ஒருமுறைகூடத் தொடவில்லை. வாடை மட்டுமே போதுமானதாக இருந்தது, ஓட்டின் வாய்விளிம்பில் பற்கள் பெரிதாக வளர்ந்தன. வாய்ப்பற்களை வைத்து இனம் பிரிப்பது நத்தை வகைப்பாட்டில் வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம் என்பதை நினைத்தால், இந்தச் சோதனையின் கனம் புரியும். மற்றொன்று, தலைமுறைகளின் ஊடே தேர்வினால் நிகழ்வது. அமெரிக்காவின் மெயின் வளைகுடாவில் ஐரோப்பியக் கரைநண்டு பரவுவதற்கு முன் சேகரித்து அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்ட லிட்டோரினா ஒப்டுசாட்டா ஓடுகள் மெல்லியவை, உச்சி உயர்ந்தவை. நண்டு வந்த பின் அதே கரைகளில் கிடைத்தவை தடித்தவை, உச்சி தாழ்ந்தவை. இந்த மாற்றத்தில் எவ்வளவு தேர்வு, எவ்வளவு பிறவிக்குள் வளர்ந்த எதிர்வினை என்று பின்னர் நீண்ட விவாதம் நடந்தது. நண்டு வாடையில் வளர்த்தால் இந்த நத்தையும் ஓட்டைத் தடிப்பாக்கிக்கொள்ளும் என்று சோதனைகளும் காட்டின. ஓட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

சுவீடனின் மேற்குக் கரையில் லிட்டோரினா சாக்சாட்டிலிஸுக்கு நேர்ந்தது இதைவிடத் தெளிவான கதை. அங்கே நண்டுகள் திரியும் உருண்டைக்கல் கரையில் பெரிய, தடித்த ஓட்டு வடிவமும், சில பத்து மீட்டர் தள்ளி அலை அறையும் பாறைமுகத்தில் சிறிய, அகன்ற வாய் கொண்ட வடிவமும் வாழ்கின்றன. அகன்ற வாய் என்றால் பெரிய பாதம், பெரிய பாதம் என்றால் பாறையில் உறுதியான பிடி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இடைப்பட்ட வடிவங்கள் நிறைய உண்டு. 1988-இல் நச்சுப்பாசிப் பெருக்கம் ஒன்று கோஸ்டர் தீவுக்கூட்டத்தின் சிறு பாறைத்தீவுகளில் இருந்த நத்தைகளை அழித்தது. அப்படிக் காலியான, அலை அறையும் ஒரு பாறையில் 1992-இல் சுவீடன் ஆய்வாளர் கெர்ஸ்டின் யோஹான்னெசன் நண்டுவடிவ நத்தைகளைக் கொண்டுபோய் விட்டார். முப்பது ஆண்டுகளுக்குள் அவற்றின் வழித்தோன்றல்கள் ஓட்டின் அளவிலும் வடிவிலும் மரபணுவிலும் அலைவடிவமாக மாறிவிட்டன என்று 2024-இல் அந்தக் குழுவினர் எழுதினர். பழைய முறைப்படி பார்த்தால், முப்பது ஆண்டுகளில் ஓர் “இனம்” இன்னோர் “இனமாக” மாறியிருக்கிறது என்று எழுத வேண்டியிருக்கும்.

ஓடு இப்படி இருக்கையில் டி.என்.ஏ.விடம் போவது இயல்பு. ஆனால் நத்தையிலிருந்து நல்ல டி.என்.ஏ. எடுப்பது சுலபமில்லை, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நத்தையை உயிருடன் எத்தனாலில் போட்டால் அது உடலை உள்ளிழுத்து மூடியால் வாயை இறுக அடைத்துக்கொள்ளும். எத்தனால் உள்ளே புகாது. ஓடு அழகாக இருக்க, உள்ளே சதை அழுகிப்போகும். ஓட்டை உடைத்தால் சதை பிழைக்கும், ஆனால் எந்த ஓட்டுக்குரிய வரிசை என்று பின்னால் சரிபார்க்க ஓடு இருக்காது. பாரிஸ் அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 2014-இல் இதற்கு மைக்ரோவேவ் அடுப்பைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார்கள்: சில விநாடிகள் சூடேற்றினால் ஓட்டோடு சதையைப் பிணைத்திருக்கும் தசை விட்டுவிடும், உடல் முழுதாக வெளியே வரும், டி.என்.ஏ.வும் கெடாது. இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. ஓடும் உடலும் வரிசையும் ஒரே எண்ணின் கீழ் இருக்க வழி பிறந்துவிட்டது.

அடுத்த தடை சளி. பாதத்திலிருந்து அரிசிமணியில் பாதியளவு தசையை அறுத்தெடுத்துக் கரைக்கும்போது, சளியில் உள்ள சர்க்கரைப் பெருமூலக்கூறுகளும் டி.என்.ஏ.வோடு சேர்ந்தே கரைந்து, சேர்ந்தே படியும். சுத்தமான டி.என்.ஏ. எத்தனாலில் வெண்ணிற இழையாகத் திரளும். சளி கலந்தது கண்ணாடி போன்ற கூழாகக் குழாயின் அடியில் உட்காரும். அந்தக் கூழை, டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். வினைக்குள் விட்டால் நொதி வேலை செய்யாது, ஜெல்லில் பட்டை எதுவும் தெரியாது. சளியின் சர்க்கரையைப் பிரிக்க உதவும் சி.டி.ஏ.பி. கரைசலில் ஊற வைத்து, குளோரோஃபார்மில் பிரித்து, பிறகு பத்து மடங்கு நீர்த்து மறுபடி முயன்றால் பெரும்பாலும் கிடைத்துவிடும். வரிசை வராத மாதிரி என்று ஒதுக்கப்பட்டவற்றுள் பல, இன்னும் ஒருமுறை கழுவப்பட்டிருந்தால் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கிடைப்பது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. 1994-இல் ஃபோல்மர் குழுவினர் வெளியிட்ட ஒரு பிரைமர் (டி.என்.ஏ. பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) இணை முதுகெலும்பற்ற விலங்குகள் பலவற்றில் இத்துண்டைப் பெருக்கித் தந்தது; 2003-இல் பால் ஹெபர்ட் குழுவினர் அதையே விலங்குகளுக்கான பொதுப் பார்கோடாக, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் குறியீடாக முன்மொழிந்தனர். நத்தைகளைப் பொறுத்தவரை மரபணு வரிசைகள் செய்திருக்கும் நன்மை மிகப் பெரிது. அலையாத்திக் காடுகளின் இலைகளிலும் கிளைகளிலும் வாழும் லிட்டோரேரியா நத்தைகள் இந்தியப் பெருங்கடல் முதல் பசிபிக் வரை வெகுகாலம் லிட்டோரினா ஸ்காப்ரா என்ற ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டிருந்தன. 1980-களில் டேவிட் ரீட் ஆண்குறியின் வடிவத்தையும் இனப்பெருக்க முறையையும் வைத்து அவற்றைப் பல இனங்களாகப் பிரித்தார்; பின்னர் வந்த மரபணு மரங்கள் அந்தப் பிரிவினையைப் பெரிதும் உறுதிசெய்தன. மஞ்சள், பழுப்பு, இளஞ்சிவப்பு என்று ஒரே இலையில் நிறம் மாறித் தெரியும் நத்தைகளை நிறத்தால் பிரிக்காமல் உடலுறுப்பால் பிரித்த அவருடைய பொறுமையை நான் வியக்கிறேன். கூம்பு நத்தைகளில் எதிர்த்திசையில் நடந்தது: ஓட்டையும் ராடுலா எனும் நாக்குப் பட்டையின் பற்களையும் வைத்து நூறு அளவிலான பேரினங்கள் வரை முன்மொழியப்பட்டிருந்த குடும்பத்தை, மரபணு மரத்தின் அடிப்படையில் நான்கே பேரினங்களாக 2015-இல் தொகுத்தார்கள்.

ஆனால் வரிசை எத்தனை விழுக்காடு வேறுபட்டால் தனி இனம் என்ற கேள்வியை யாராவது என்னிடம் கேட்டால் எனக்குக் கவலை வந்துவிடுகிறது. 2005-இல் மேயர், பாலே இருவரும் 2,000-க்கும் மேற்பட்ட சோழிகளின் வரிசைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முன்பே நன்றாக ஆராயப்பட்டு எல்லா இனங்களும் தெரிந்த குழுவில், புதிதாக வந்த ஒரு சோழி எந்த இனம் என்று பார்கோடு நன்றாகவே சொன்னது. ஒரு குறிப்பிட்ட எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டு புதிய இனங்களைக் கண்டறிய முயன்றபோது பிழை கணிசமாக ஏறியது. தெரிந்ததை அடையாளம் காண்பதும், தெரியாததை வரையறுப்பதும் இரு வேறு வேலைகள். முதல் வேலையில் பெற்ற வெற்றியைச் சான்றாகக் காட்டி இரண்டாவதைச் செய்யும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இங்கேதான் குஞ்சுப்பை மீண்டும் வருகிறது. லிட்டோரினா லிட்டோரியாவின் முட்டைகள் நீரில் மிதந்து, அவற்றிலிருந்து வரும் லார்வா எனும் நீந்தும் இளவுயிர் பல வாரம் கடலில் அலைந்து, எங்கோ ஒரு கரையில் இறங்குகிறது. அதன் அடுத்த பாறையில் வாழும் சாக்சாட்டிலிஸின் குஞ்சு தாயின் உடலிலிருந்து நேரே பாறைமேல் ஊர்ந்து இறங்கி, வாழ்நாள் முழுவதும் சில மீட்டர் தூரமே நகர்கிறது. முதல் வகையில் தொலைதூரக் கரைகளுக்கு இடையிலும் மரபணு கலந்துகொண்டே இருக்கும். இரண்டாவதில் நடுவே ஒரு நீண்ட மணற்கரை இருந்தாலே போதும், இரு பக்கத்துப் பாறைகளும் தனித்தனித் தீவுகளாகி, ஒவ்வொன்றிலும் மைட்டோகாண்ட்ரியா வரிசை தன்போக்கில் விலகிச் செல்லும். இரு வகைக்கும் ஒரே எல்லைக்கோட்டைப் போட்டால், நேரடியாகக் குஞ்சு பொரிக்கும் நத்தையின் ஒவ்வொரு விரிகுடாவும் ஓர் இனமாகிவிடும். லார்வா உள்ளதில் அண்மையில் பிரிந்த உண்மையான இனங்கள் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பல மரபணுக்களை ஒன்றாகக் கணக்கிடும் நுட்பமான கணினி நிரல்களும் இதிலிருந்து தப்பவில்லை: அவை கண்டறிவது பெரும்பாலும் இனத்தொகைகளின் (ஒரே இனத்தின் தனித்தனிக் கூட்டங்களின்) பிரிவைத்தான், இனங்களின் எல்லையை அன்று என்று 2017-இல் சுகுமாரன், நோல்ஸ் இருவரும் எடுத்துக்காட்டினர். ஓட்டால் நூறு பெயர் வைத்த அதே பிழையை, நிரலால் நூறு பெயர் வைத்து நாம் மறுபடி செய்துவிடக் கூடாது என்பதே என் அச்சம்.

நத்தை எப்படிப் பிறந்தது என்பதற்கான சான்றை, ஓட்டின் உச்சியில் அது தானே சுமக்கிறது. கருவாகவோ லார்வாவாகவோ இருந்தபோது சுற்றிய முதற்சுருள் உச்சியில் அப்படியே எஞ்சியிருக்கும். நுண்ணிய பல சுற்றுகள் இருந்தால் கடலில் நீந்தி இரைதேடிய லார்வா. ஒன்றிரண்டு பருத்த சுற்றுகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் நீந்தாத குஞ்சு. அலையடிக்கும் பாறைகளில் இந்த உச்சி தேய்ந்துவிடுவதால், முழு வளர்ச்சியடைந்தவற்றில் தேடிப் பயனில்லை. குட்டி நத்தைகளையும் சேகரிக்க வேண்டும். பெரிய, அழகான ஓடுகளை மட்டும் எடுத்துவரும் சேகரிப்புகளில் மிகவும் இழக்கப்படுவது இந்தத் தகவல்தான்.

என் மூன்றாவது குவியலுக்குத் திரும்புகிறேன். அதில் முட்டைச்சுரப்பி இருந்த பெண்கள் லிட்டோரினா ஆர்கானா என்ற இனம். 1978-இல்தான் அது தனி இனமாக விவரிக்கப்பட்டது, ஏனெனில் ஓட்டால் அதைச் சாக்சாட்டிலிஸிலிருந்து நம்பகமாகப் பிரிக்க முடியாது. பிரிட்டன் கரைகளில் இவ்விரண்டும், லிட்டோரினா கம்ப்ரெஸ்ஸா என்ற மூன்றாவதும் ஒரே பாறையில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. பார்கோடு இங்கே நமக்கு உதவுவதில்லை; ஒரே மைட்டோகாண்ட்ரியா வரிசைகள் ஆர்கானாவிலும் சாக்சாட்டிலிஸிலும் காணப்படுகின்றன. அவை பிரிந்து அதிகக் காலம் ஆகவில்லை, மூதாதையிடம் இருந்த வரிசைகள் இரு கிளைகளிலும் இன்னும் எஞ்சியிருக்கின்றன, போதாக்குறைக்கு அவ்வப்போது கலப்பும் நிகழ்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவதால், அது சொல்லும் கதை ஒரு வம்சத்தின் ஒரே ஒரு கிளையின் கதை.

முழு மரபணுத்தொகுதியையே படித்தால் தீர்ந்துவிடுமா என்று கேட்கலாம். 2024-இல் ஸ்டான்கோவ்ஸ்கி குழுவினர் அதைச் செய்தார்கள். முழுத்தொகுதியை வைத்து வரைந்த மரத்தில், குஞ்சிடுபவை ஒரு பக்கம், முட்டையிடுபவை ஒரு பக்கம் என்று நத்தைகள் பிரியவில்லை. ஆனால் தொகுதியைச் சிறு சிறு பகுதியாகத் தனித்தனியே பார்த்தபோது, குஞ்சிடும் நத்தைகள் அனைத்தும் ஒரே வடிவத்தைச் சுமக்கும் பல சிறு பகுதிகள் தென்பட்டன. அந்த மாற்றங்கள் இரண்டு லட்சம் தலைமுறைகளுக்கு மேல் ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கின்றன. சராசரி மரம் மறைத்ததைச் சிறு பகுதிகள் வெளிப்படுத்தின. எதிர்மாறான பொறியும் உண்டு. இந்த நத்தைகளின் குரோமோசோம்களில் சில நீண்ட துண்டுகள் தலைகீழாகத் திரும்பி அமைந்திருக்கின்றன. நண்டுவடிவ, அலைவடிவ வேறுபாடுகளில் பெரும்பங்கு அந்தத் துண்டுகளில்தான் குவிந்துள்ளது. இதை அறியாமல் தரவுகளை வரைபடமாக்கினால், திருப்பத்தின் இரு வடிவங்களும் அவற்றின் கலவையும் மூன்று அழகான கொத்துகளாக விழும். மூன்று இனம் என்று எழுதக் கை துடிக்கும்.

ஆகவே நான் மிகவும் மதிக்கும் சோதனை எளியது: ஒரே பாறையிலிருந்து, ஒரே நாளில், வெவ்வேறாகத் தோன்றும் நத்தைகளையும் ஒன்றுபோல் தோன்றும் நத்தைகளையும் நிறைய எடுத்து, செல்லின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வின் பல இடங்களைப் படிப்பது. கலக்க எல்லா வாய்ப்பும் இருந்தும் மரபணுத்தொகுதியின் பல பகுதிகளிலும் அவை விலகியே நிற்கின்றன என்றால், ஓடு என்ன சொன்னாலும் அவை இரண்டு இனம்தான். தொலைவில் உள்ள இரு கரைகளின் நத்தைகள் வேறுபடுவது அவ்வளவு வலுவான சான்றாகாது. அங்கே முடிவை ஒத்திவைத்து, இடைப்பட்ட கரைகளில் இன்னும் சேகரிக்க வேண்டும்.

பெயரிடுதலில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. மரபணு மரத்தில் இரு கிளைகள் தெளிவாகப் பிரிந்தாலும், பழைய பெயர் எந்தக் கிளைக்கு உரியது என்பதை, முதலில் பெயரிட்டபோது அடிப்படையாகக் கொண்ட மூல மாதிரியே தீர்மானிக்க வேண்டும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் மூல மாதிரிகள் பெரும்பாலும் சதையற்ற வெற்றோடுகள். உலர்ந்த ஓட்டிலிருந்தே பழைய டி.என்.ஏ. எடுக்க முடியும் என்று 2017-இல் காட்டப்பட்டுள்ளது. ஆனால் அதற்கு ஓட்டில் சிறிது துளைத்துப் பொடியெடுக்க வேண்டும், அருங்காட்சியகக் காப்பாளர் தயங்குவது நியாயமே. பெயர் சரியாக இருப்பது காகித விவகாரம் மட்டுமன்று. கோனஸ் மேகஸ் என்ற கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து உருவான சிகோனோடைடு என்ற வலிநீக்கி 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கூம்பு நத்தைகளில் நஞ்சின் கலவை இனத்துக்கு இனம் வேறு; தவறான பெயரோடு சேகரித்த நஞ்சை மறுபடி தேடிப் போகும்போது வேறொரு நத்தைதான் கிடைக்கும்.

அந்தப் பழைய தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. குவியல்களைக் கலைத்து, ஒவ்வொரு ஓட்டையும் தனிக் குப்பியில் இட்டு, சதைக்கும் வரிசைக்கும் அதே எண்ணைக் கொடுத்திருக்கிறேன். குஞ்சுப்பை இருந்த பெண்களின் சீட்டில் சாக்சாட்டிலிஸ் என்றும், கூழ்ச்சுரப்பி இருந்தவற்றின் சீட்டில் ஆர்கானா என்றும் எழுதியாகிவிட்டது. ஆண் நத்தைகளுக்குக் குஞ்சுப்பையும் இல்லை, கூழ்ச்சுரப்பியும் இல்லை. ஓடும் சொல்லவில்லை, சி.ஓ.ஐ. வரிசையும் சொல்லவில்லை. அவற்றின் சீட்டில் “சாக்சாட்டிலிஸ் அல்லது ஆர்கானா” என்று பென்சிலால் எழுதி, பாதத்தசையின் மீதித் துண்டுகளை உட்கரு மரபணுக்களைப் படிப்பதற்காக உறைநிலையில் வைத்திருக்கிறேன்.